வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்புவது எப்படி: பெட்டி கட்டுவதற்கு முன்னும் பின்னும்

மெல்போர்னில் இருக்கும் மகள் வீட்டில் முதல் கொலு. பண்ருட்டியில் ஒரு தசாவதார செட் வாங்கினேன். பொம்மைக்காரர் ஒவ்வொரு பொம்மைக்கும் வைக்கோல் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டைப் பிரிக்காமல் அப்படியே பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டேன். பெட்டி ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது, மகள் கைக்குப் போகவில்லை. வைக்கோலையும் காய்ந்த புல்லையும் அந்த நாடு தபாலில் உள்ளே விடாது. வைக்கோல் நீக்கிய பொம்மைகள் அவள் வாசலுக்கு வந்தபோது நவராத்திரி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து பார்சல் என்றால் நான் முதலில் எடுப்பது பெட்டியை அல்ல, ஒரு தாளை. பார்சல் சிக்கிக்கொள்ளும் காரணங்களில் பெரும்பாலானவை வழியில் உருவாவதில்லை, நம் வீட்டுக் கூடத்திலேயே உருவாகிவிடுகின்றன. அதை அந்தத் தாளிலேயே தடுத்துவிடலாம்.

முதல் வேலை: பட்டியல்

அனுப்ப நினைக்கும் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, அது எதனால் ஆனது, எத்தனை, எவ்வளவு எடை, என்ன விலை என்று குறியுங்கள். 'பலகாரம்' என்று எழுதினால் போதாது. 'முறுக்கு, அரிசி மாவும் கடலை எண்ணெயும், 2 பாக்கெட், 500 கிராம், 240 ரூபாய்' என்று இருக்க வேண்டும். சுங்க அதிகாரி பொருளின் பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை, அதில் என்ன கலந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார். பால் இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, முளைக்கக்கூடிய விதை இருக்கிறதா என்பதே அவருக்கு முக்கியம். இந்த ஒரே பட்டியல் பின்னால் நான்கு இடங்களில் கைகொடுக்கும். அதனால் அரை மணி நேரம் ஒதுக்கிப் பொறுமையாக எழுதுங்கள்.

இரண்டாவது: அந்த நாடு எதை ஏற்கும்?

பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாக அந்த நாட்டு விதியோடு ஒப்பிடுங்கள். ஊரில் ஒருவர் 'போன வருஷம் அனுப்பினேன், ஒழுங்காப் போய்ச் சேர்ந்தது' என்று சொல்வதை நம்ப வேண்டாம். அவருடைய பெட்டியை யாரும் திறந்து பார்க்காமல் இருந்திருக்கலாம்.

எனக்குத் தெரிந்தவரை மிகக் கண்டிப்பான நாடு ஆஸ்திரேலியா. நம் வீட்டுச் சமையலறையின் பாதிப் பொருட்கள் தபாலில் அங்கே போகாது. சேமிப்புத் தானியங்களை அழிக்கும் காப்ரா வண்டுக்குப் பயந்து, 2020 அக்டோபரில் இருந்து அரிசி, துவரம்பருப்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, முழுச் சீரகம், முழு மல்லி, மிளகாய் வற்றல் ஆகியவற்றைத் தபாலில் அனுப்பத் தடை இருக்கிறது. இறைச்சி, முட்டை, பால் பொருள், விதைகளுக்கும் அதே கெடுபிடிதான். பால்கோவாவை அனுப்ப நினைக்காதீர்கள். மெல்போர்ன், சிட்னி கடைகளில் பருப்பும் சீரகமும் தாராளமாகக் கிடைக்கின்றன. அங்கே கிடைக்காதது நம் கைப்பட அரைத்த பொடியும், பொம்மையும், தைத்த ரவிக்கையும்தான். பெட்டியில் இடத்தை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு கறிவேப்பிலை. காயவைத்தால் போகும் என்று நினைத்து ஒரு பாக்கெட்டைச் சொருகிவிடுவார்கள். கறிவேப்பிலைச் செடியில் வாழும் ஒரு சிறு பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிறது. அந்த மரங்களைக் காப்பாற்றத்தான் அமெரிக்கா இந்த இலையைத் தடுக்கிறது. இறைச்சி ஊறுகாய், கருவாட்டுக் குழம்புத் தொக்கு போன்றவற்றையும் தவிர்த்துவிடுவது நல்லது. அமெரிக்காவுக்கு உணவுப் பொருள் அனுப்பினால் அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. வீட்டில் நாமே செய்து ஒருவருக்கு அன்பளிப்பாக நாமே அனுப்பும் உணவுக்கு அதில் விலக்கு இருக்கிறது. ஆகவே வீட்டில் செய்த பொடி என்றால் பட்டியலில் 'வீட்டில் செய்தது, அன்பளிப்பு' என்று தெளிவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் தபாலில் போகக் கூடாது. நெய் பாட்டில், பால்பேடா எல்லாம் இதில் அடங்கும்.

வளைகுடாவுக்கு அனுப்பும்போது கசகசாவை மறந்துகூட வைக்காதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதி அரேபியாவிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். இங்கே மளிகைக் கடையில் வாங்கிக் குருமாவுக்கு அரைப்பது அங்கே போதைப்பொருள் வழக்காகிவிடலாம். கரம் மசாலாப் பொடியை வீட்டில் அரைக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் அப்படித்தான். பார்சல் வாங்கப் போகிறவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளையை ஆபத்தில் தள்ளும் பொருள் இந்த ஒரு வகைதான் என்பதால் மறுபடியும் சொல்கிறேன்: சந்தேகம் இருந்தால் வைக்காதீர்கள்.

எந்த நாடானாலும் விமானத்தில் ஏற்றாத பொருட்கள் தனி. நம் வீட்டில் சாதாரணமாகப் புழங்குவதால் அவை கண்ணில் படாமல் போய்விடும். பூஜைச் சாமான்களோடு சூடம் வைப்போம். அது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் என்று விமானச் சரக்கு விதிகளில் பட்டியலிடப்பட்டிருக்கிறது. தீப்பெட்டி, கம்பி மத்தாப்பு, சென்ட், நெயில் பாலிஷ், ஸ்பிரே, பவர்பேங்க் எல்லாமே கூடாது. இந்தியாவே வெளியே விடாத பொருட்களும் உண்டு. மயிலிறகு, சந்தனக்கட்டை, 100 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள் ஆகியவை அந்த வகை. பாட்டி காலத்துப் பித்தளைச் சிலையை ஆசையாக அனுப்ப நினைத்தால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்று கேட்பார்கள்.

இப்போது தாளில் பாதி அடித்திருப்பீர்கள். மீதி இருப்பதுதான் உங்கள் பார்சல்.

மூன்றாவது: தபாலா, கூரியரா?

இரண்டிலும் அனுப்பியிருக்கிறேன். இரண்டுக்கும் இடம் உண்டு.

தபாலில் வேகமானது சர்வதேச ஸ்பீடு போஸ்ட். இ.எம்.எஸ். என்றும் சொல்வார்கள். எடை குறைவான சின்னக் கட்டுகளுக்குச் சர்வதேச டிராக்டு பாக்கெட் என்று ஒன்று இருக்கிறது. புத்தகம், ஒரு சேலை, சின்னப் பரிசு போன்றவற்றுக்கு அது கச்சிதம். அவசரமில்லாத பெரிய பெட்டிக்கு விமானப் பார்சல் இருக்கிறது. எல்லாக் கிளைத் தபால் நிலையங்களிலும் இவற்றை எடுக்க மாட்டார்கள். மாவட்டத் தலைமைத் தபால் நிலையத்துக்குப் போவதே உத்தமம். சென்னைக்காரர்களுக்கு ராஜாஜி சாலை ஜி.பி.ஓ., அண்ணா சாலை, தி.நகர் தலைமைத் தபால் நிலையங்கள் வசதியானவை.

கூரியரில் டிஎச்எல், ஃபெட்எக்ஸ், யுபிஎஸ், அராமெக்ஸ் போன்ற நிறுவனங்களிடம் நேராகப் போகலாம். அல்லது அவற்றுக்குச் சரக்குச் சேர்த்துக் கொடுக்கும் உள்ளூர் ஏஜென்ட்களிடம் போகலாம். ஏஜென்ட்கள் மொத்தமாக எடுப்பதால் கிலோ விலை குறைவாக இருக்கும், வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள், பேக்கிங்கும் செய்து தருவார்கள். ஆனால் அவர்கள் எழுதும் சுங்கப் பட்டியலை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். எனக்கு ஒருமுறை ஒரு ஏஜென்ட் மூன்று பட்டுச் சேலைகளை 'பழைய துணி, 5 டாலர்' என்று எழுதிவிட்டார். என் நல்லதற்கு என்றுதான் சொன்னார். அந்தப் பெட்டி தொலைந்திருந்தால் எனக்கு வரக்கூடிய இழப்பீடும் 5 டாலர் மதிப்புக்குத்தான் இருந்திருக்கும். அங்கே திறந்து பார்த்திருந்தால் பொய்க் கணக்குக்கு என் தம்பி பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அன்று பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கூரியரில் எடை இரண்டு வகை. தராசு காட்டும் எடை ஒன்று, பெட்டியின் அளவுக்கான எடை இன்னொன்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்தால் அளவு எடை வரும். 45×35×30 பெட்டிக்கு 9.45 கிலோ. உள்ளே வெறும் ஆறு கிலோ முறுக்கும் அப்பளமும் இருந்தாலும் ஒன்பதரைக்குத்தான் காசு. அப்பளம், பொரி, பஞ்சுத் தலையணை போன்ற எடையில்லாத பெரிய பொருட்களைக் கூரியரில் அனுப்புவது கட்டாது. புத்தகம், பித்தளை விளக்கு போன்ற கனமான பொருள் என்றால் பெரும்பாலும் தராசு எடைதான் கூடுதலாக இருக்கும், அதற்குத்தான் காசு. விலை கேட்கும்போது 'எரிபொருள் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?' என்று கேளுங்கள். வெறும் கிலோ விலையைக் கேட்டுவிட்டு வந்தால் பில்லில் வேறு தொகை இருக்கும்.

என் வழக்கம் இதுதான்: தேதிக்குள் போயே ஆக வேண்டும் என்றால் கூரியர், மற்றதெல்லாம் தபால். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் எதுவானாலும் மூன்று வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுவேன்.

நான்காவது: வரி யார் கட்டுவது?

பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கட்டுவார். அதனால் அவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்புக்குப் பிரிட்டனில் 39 பவுண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, கனடாவில் 60 கனடிய டாலர் என்று வரியில்லா வரம்பு உண்டு. சிங்கப்பூரில் தபாலில் வரும் பொருளுக்கு 400 சிங்கப்பூர் டாலர். ஆஸ்திரேலியா 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரை தாராளம். வரம்பைத் தாண்டினால் வரியோடு, சுங்கத்தில் விடுவித்துத் தருவதற்கு என்று அங்குள்ள தபால்துறையோ கூரியரோ ஒரு கட்டணமும் கேட்கும்.

அமெரிக்கக் கதை தனி. முன்பு 800 டாலர் வரை வரியே இல்லை. அந்தச் சலுகை 2025 ஆகஸ்ட் 29 அன்று நின்றது. இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதையே சில வாரங்கள் நிறுத்திவைத்து, அக்டோபர் 15 அன்று மீண்டும் தொடங்கியது. பார்சலைப் பதிவு செய்யும்போதே வரியை இங்கேயே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு அது வந்தது. அன்பளிப்புக்கு 100 டாலர் வரை விலக்கு இருந்தது. அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் பெட்டி கட்டும் முன்பே கவுண்டரில் அன்றைய நிலையைக் கேட்டுக்கொண்டு, பட்டியலில் உள்ள பொருட்களை அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்வது நல்லது.

ஐந்தாவது: கட்டுவது

பெட்டி புதிதாக, மூன்றடுக்கு அல்லது ஐந்தடுக்கு அட்டையாக இருக்கட்டும். பழைய பெட்டி என்றால் மேலே ஒட்டியிருக்கும் முகவரி, பார்கோடு எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். பட்டாசுப் பெட்டி, மதுப் பெட்டி, முட்டை, பழம் வந்த பெட்டி எதுவும் வேண்டாம். உள்ளே புத்தகமே இருந்தாலும், வெளியே அச்சிட்டிருப்பதைப் பார்த்துத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். ஆஸ்திரேலியா பழப்பெட்டியையும் முட்டை அட்டையையும் ஏற்பதில்லை.

ஊறுகாயும் எண்ணெயும்தான் பெரும் சோதனை. கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், எடையும் கூடும், உடையவும் செய்யும். திருகு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு நிரப்புங்கள். வாயில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து மூடியைத் திருகி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பிறகு ஒரு ஜிப் கவர், அதன்மேல் பழைய செய்தித்தாள், அதன்மேல் இன்னொரு ஜிப் கவர். நடுவில் இருக்கும் செய்தித்தாள்தான் முக்கியம். கசிந்தால் அது குடித்துக்கொள்ளும். பொடிகளுக்கு வேக்குவம் பேக் செய்து கொடுக்கும் கடைகள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஆங்கிலத்தில் பெயர், சேர்மானம், செய்த தேதி எழுதி ஒட்டுங்கள். லேபிள் இல்லாத பழுப்பு நிறப் பொடியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

மண்பொம்மை, காகிதக்கூழ் பொம்மைக்கு ஃபோம் ஷீட் ஒரு சுற்று, பபுள் ரேப் இரண்டு சுற்று. நீட்டிக்கொண்டிருக்கும் கை, வில், கிரீடம் ஆகியவற்றுக்குப் பக்கத்துக் குழியில் காகிதத்தைச் சுருட்டி வைத்து முதலில் சமப்படுத்துங்கள், பிறகு சுற்றுங்கள். பொம்மை உடைவது பெரும்பாலும் அந்தக் கையில்தான். சிறு பெட்டிகளில் வைத்து, அவற்றை ஒரு பெரிய பெட்டிக்குள் நாலாபுறமும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்தி, இடைவெளியைக் கசக்கிய காகிதத்தால் நிரப்புங்கள். வைக்கோல் கூடவே கூடாது, மரத்தூளும் வேண்டாம். மூடிவிட்டுக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் இன்னும் காகிதம் வேண்டும் என்று பொருள்.

வீட்டிலேயே டேப் போட்டுப் பெட்டியை முழுவதுமாக ஒட்டிவிடாதீர்கள். பல கவுண்டர்களில் உள்ளே என்ன என்று திறந்து காட்டச் சொல்வார்கள். டேப்பும் கத்தரிக்கோலும் கையோடு எடுத்துப் போய் அங்கேயே ஒட்டுங்கள். உள்ளே உங்கள் பட்டியலின் ஒரு நகலையும், இரண்டு முகவரிகளையும் ஒரு கவரில் போட்டு மேலே வைத்துவிடுங்கள். வெளியே ஒட்டிய தாள் கிழிந்துபோனாலும் பெட்டி யாருடையது என்று தெரியும். பரிசுத்தாள் சுற்ற வேண்டாம். சுங்கத்தில் கிழிக்கத்தான் போகிறார்கள்.

ஆறாவது: சுங்கப் படிவம்

தபாலில் சிறு கட்டுக்குச் சிஎன் 22, பார்சலுக்குச் சிஎன் 23 என்று படிவம். இந்தப் படிவம் உலகம் முழுக்க ஒன்றே, உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்தது. கூரியரில் இதற்குப் பதிலாக மூன்று பிரதி இன்வாய்ஸ். இதில் எழுதுவதைக் கணினியில் ஏற்றி, பெட்டிக்கு முன்னாலேயே அந்த நாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் மகளையோ தம்பியையோ அறியாத ஒருவர், பெட்டியைக் கண்ணால் காண்பதற்கு முன், இந்த வரிகளைத்தான் படிக்கிறார். அதனால் அலட்சியமாக எழுதக் கூடாது.

உங்கள் பட்டியலை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். வெறும் 'துணி' என்று எழுதாமல் 'பட்டுச் சேலை, பெண்களுக்கானது, 2' என்று எழுதுங்கள். 'கோதுமை அல்வா, கோதுமை, சர்க்கரை' என்று எழுதினால் அல்வாவைக் கேள்விப்படாதவருக்கும் புரியும். பல நாடுகளுக்கு ஆறு இலக்க எச்எஸ் குறியீடும் வேண்டும். உலகமெங்கும் சுங்கத்துறை பொருட்களை வகைப்படுத்தும் எண் அது. பட்டுத் துணி 5007.20, அச்சிட்ட புத்தகம் 4901.99, மஞ்சள் 0910.30, சிக்கரி கலக்காத வறுத்த காப்பித்தூள் 0901.21. கவுண்டரில் தேடித் தருவார்கள்தான், ஆனால் நீங்களே எழுதிக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும்.

விலையை உள்ளபடி எழுதுங்கள், பில் இருந்தால் நகல் இணையுங்கள். வீட்டில் செய்ததற்கு மூலப்பொருள் செலவு போதும். அன்பளிப்பு என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். விற்பனைக்கு அனுப்புகிறவர்கள் அதில் டிக் செய்யவே கூடாது. அவர்களுக்கு ஐஇசி எனப்படும் ஏற்றுமதி, இறக்குமதிக்கான பதிவு எண் வேண்டும், தபாலில் ஏற்றுமதி செய்ய டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற தனி வசதி இருக்கிறது.

படிவத்தில் பலரும் காலியாக விடும் ஒரு கட்டம் உண்டு. பார்சலைக் கொடுக்க முடியாவிட்டால் திருப்பி அனுப்புவதா, கைவிடுவதா என்று அது கேட்கும். திருப்பி அனுப்பினால் அதற்கான செலவை உங்களிடம் கேட்கக்கூடும். பொம்மை, சேலை என்றால் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். முறுக்கு என்றால் கைவிடுங்கள், இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து என்ன பயன்?

முகவரி, கவுண்டர்

முகவரி ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் இருக்கட்டும். அடுக்குமாடி என்றால் வீட்டு எண், சிங்கப்பூர் என்றால் பிளாக் எண்ணும் மாடி எண்ணும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடும் அவசியம். வாங்குகிறவரின் கைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். அமீரகத்தில் தபால் பெட்டி எண் வேண்டும். முகவரியை நீங்கள் நினைவிலிருந்து எழுதாமல் அவர்களையே தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லி, அதை அச்செடுத்து ஒட்டுங்கள்.

கவுண்டருக்கு ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல் கொண்டு போங்கள். விலையுயர்ந்த பொருள் என்றால் இன்சூரன்ஸ் பற்றிக் கேளுங்கள். காப்பீடு இல்லாவிட்டால் கிடைக்கும் இழப்பீடு, பட்டுச் சேலையின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ரசீதை வாங்கியதும் படம் எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்பிவிடுங்கள்.

அனுப்பிய பிறகு

தபால் ரசீதில் 13 இடமுள்ள ஒரு எண் இருக்கும். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ஐஎன். இந்திய அஞ்சல் துறைத் தளத்தில் 'இந்தியாவை விட்டுக் கிளம்பியது' என்று வந்து, பிறகு பத்து நாள் ஒன்றும் மாறாமல் நிற்கும்போது மனம் பதறும். அந்த எண்ணையே அந்த நாட்டுத் தபால்துறைத் தளத்தில் போட்டுப் பாருங்கள். அமெரிக்கா என்றால் யுஎஸ்பிஎஸ், ஆஸ்திரேலியாவுக்கு ஆஸ்திரேலியா போஸ்ட், பிரிட்டனுக்குப் போகும் ஸ்பீடு போஸ்ட் என்றால் பார்சல்ஃபோர்ஸ். பாதி நேரம் 'வரி கட்டக் காத்திருக்கிறது' என்று அங்கே இருக்கும், வாங்குகிறவருக்குத் தகவல் போகாமல் இருந்திருக்கும். வரி கட்டச் சொல்லி வரும் குறுஞ்செய்தியின் இணைப்பை மட்டும் தொட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். அதிகாரபூர்வத் தளத்தில் பார்சல் எண்ணைப் போட்டு அங்கே கட்டுவதுதான் பாதுகாப்பு.

பெட்டி நசுங்கி வந்தால் திறக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் நகலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கட்டும். குறைவோ உடைவோ இருந்தால் பெட்டியையும் காகிதங்களையும் எறியாமல், அன்றே அங்குள்ள தபால் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். வந்தே சேராத பதிவு அஞ்சலுக்கும் பார்சலுக்கும், அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை மனு கொடுக்க வேண்டும். ரசீது, படிவ நகல், பில், உங்கள் பட்டியல் நான்கையும் ஒரே கவரில் போட்டு அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.